புரோமின் ஏறிய அமிலங்கள்: ஆக்கமும் அடையாளமும்

கரிம அமிலம் ஒன்றில் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் புரோமின் அமர்ந்தாலும், அமிலத்தின் இரட்டைப் பிணைப்பு திறந்து புரோமினை ஏற்றுக்கொண்டாலும் கிடைப்பது புரோமோ அமிலம். புரோமின் அமரும் இடத்தைப் பொறுத்து இவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். கார்பாக்சில் தொகுதிக்கு அடுத்த கார்பனில் அமர்ந்தால் அது ஆல்ஃபா புரோமோ அமிலம். புரோமோ அசிட்டிக் அமிலம் அதில் மிக எளியது. பென்சீன் வளையத்தில் அமர்ந்தால் புரோமோ பென்சாயிக் அமிலம் போன்றவை உருவாகும். இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு புரோமின் ஏறினால் டைபுரோமோ அமிலம். சின்னமிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் 2,3-டைபுரோமோ-3-பீனைல்புரொப்பனாயிக் அமிலம் இந்த மூன்றாம் வகை.

இந்த அமிலங்களை யாரும் அவற்றுக்காகவே தயாரிப்பது அரிது. கார்பனோடு புரோமின் கொள்ளும் பிணைப்பு எளிதில் விட்டுப்போகக்கூடியது; அந்த இடத்தில் நைட்ரஜனையோ ஆக்சிஜனையோ கந்தகத்தையோ கொண்டுவந்து வைக்கலாம். அதனால் மருந்தும் சாயமும் வாசனைப் பொருளும் செய்யும் வழியில் இவை இடைப்படிகளாக நிற்கின்றன. வலிப்பு நோய்க்குத் தரப்படும் லெவெடிராசெட்டாம் மருந்தின் சில தயாரிப்பு வழிகள் 2-புரோமோ பியூட்டனாயிக் அமிலத்திலோ அதன் எஸ்டரிலோ தொடங்குகின்றன. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருட்டாலைகளுக்கு இடையே வேதிப்பொருளும் மருந்து மூலப்பொருளும் செய்யும் ஆலைகளும் உண்டு. அத்தகைய ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் புதிய இடைப்பொருளைச் சிறு அளவில் செய்து பார்ப்பதும், செய்தது எது என்று நிறுவுவதும் அன்றாட வேலை. இரண்டில் முதலாவது பெரும்பாலும் அரை நாளில் முடிந்துவிடும். இரண்டாவதுதான் வேதியியலாளரின் நேரத்தையும் அறிவையும் கேட்கிறது.

புரோமின் என்ற தனிமத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1826இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் அந்துவான் பலார் என்ற இளைஞர், உப்பளங்களில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் குளோரினைச் செலுத்தி, செம்பழுப்பு நிறமும் மூச்சை அடைக்கும் நெடியும் கொண்ட திரவத்தைப் பிரித்தார். ஜெர்மனியில் கார்ல் லோவிக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் அதையே பெற்றிருந்தார். அவர்களுக்கு முன்பே யூஸ்டுஸ் லீபிக்கின் கையில் அத்திரவம் கிடைத்திருந்தது. அவர் அதை அயோடினும் குளோரினும் சேர்ந்த சேர்மம் என்று கருதி, அப்படியே சீட்டு எழுதி ஒட்டி வைத்துவிட்டார். பின்னாளில் தலைசிறந்த வேதியியலாளராகப் பெயர்பெற்றவருக்கே புதிய தனிமம் ஒன்று கண்முன் இருந்தும் தவறியது. குப்பியில் இருப்பது எது என்ற கேள்வியை அவர் முழுமையாகச் சோதனைக்கு உட்படுத்தாததே காரணம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமின், புரோமைடு அயனியாகக் கரைந்திருக்கிறது. சாக்கடலில் இது பல மடங்கு அதிகம். உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் புரோமைடு செறிவதால், பலார் கண்ட வழியே இன்றும் அடிப்படை: குளோரின் புரோமைடை விரட்டி அதன் இடத்தைப் பிடிக்கிறது, விடுபட்ட புரோமினை நீராவியோ காற்றோ அள்ளிச் செல்கிறது. இந்தியாவில் புரோமின் தொழிலின் மையம் குஜராத்தின் கட்ச் ரண். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்க்கியன் கெமிக்கல் நிறுவனத்தின் உற்பத்தித் தளமும் அங்கே ஹாஜிப்பீரில்தான் உள்ளது. அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களின் கசப்பு நீரிலும் அதே புரோமைடு இருக்கிறது. ஆனால் பிரித்தெடுப்பது இலாபமாக இருக்க ரண் நிலத்தின் செறிந்த உவர்நீரும் பரப்பும் வேண்டும். ஆகவே தமிழகத்தின் ஆலைகளுக்குப் புரோமின் நெடுந்தொலைவு பயணம் செய்து வருகிறது. இது 58.8 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். தண்ணீரைப் போல மூன்று மடங்கு கனம். சித்திரை வெயிலில் மூடியைத் திறந்தாலே ஆவி பொங்கி வரும் திரவம் இது.

புரோமோ அமிலங்களின் செயற்கை வரலாறு வில்லியம் பெர்க்கினோடு தொடங்குவதாகச் சொல்லலாம். முதல் செயற்கைச் சாயத்தால் பெயர்பெற்ற அவர், 1858இல் டப்பா என்ற வேதியியலாளருடன் சேர்ந்து அசிட்டிக் அமிலத்தைப் புரோமினோடு வினைபுரியச் செய்து புரோமோ அசிட்டிக் அமிலம் பெற்றார். அதை அம்மோனியாவோடு சேர்த்துக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் ஆக்கினார். உயிருடலின் புரதத்தில் உள்ள ஒரு பொருளை அசிட்டிக் அமிலத்திலிருந்து இரண்டே படிகளில் பெற முடிந்தது அன்றைக்குப் பெரிய செய்தி. ஆனால் அமிலமும் புரோமினும் நேரடியாக மெதுவாகத்தான் வினைபுரியும். 1881இல் ஹெல், 1887இல் வோல்ஹார்டு, ஜெலின்ஸ்கி ஆகியோர் சிவப்புப் பாஸ்பரசைச் சிறிது சேர்த்தால் வினை விரைந்து நடப்பதைக் காட்டினர். பாஸ்பரசும் புரோமினும் சேர்ந்து அமிலத்தை அசைல் புரோமைடாக மாற்றுகின்றன; அசைல் புரோமைடு ஈனால் வடிவத்துக்கு எளிதில் மாறும்; அந்த ஈனால்தான் புரோமினைப் பற்றுகிறது. இறுதியில் தண்ணீர் சேர்த்தால் ஆல்ஃபா புரோமோ அமிலம் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடத்தில் எச்.வி.இசட். வினை என்று மாணவர் எழுதுவது இதையே. எமில் பிஷர் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்துச் செயற்கைப் பெப்டைடுகள் ஆக்கியபோது ஆல்ஃபா புரோமோ அமிலங்களின் குளோரைடுகளே அவருக்குக் கொக்கிகளாகப் பயன்பட்டன. 1907இல் அவர் 18 அமினோ அமிலம் கொண்ட சங்கிலியை எட்டினார்.

ஆல்ஃபா இடத்தில் அமர்ந்த புரோமின் அமிலத்தின் குணத்தையே மாற்றிவிடும். அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு 4.76, புரோமோ அசிட்டிக் அமிலத்துக்குச் சுமார் 2.9. அதாவது ஏறக்குறைய 70 மடங்கு வலிய அமிலம். சுமார் 50 டிகிரியில் உருகும் இந்த வெண்படிகம் தோலில் பட்டால் கொப்புளம் எழும். புரதங்களின் கந்தகத் தொகுதியோடு பிணைந்துகொள்ளும் ஆற்றலே இதற்குக் காரணம். இடைப்பொருளாக இதை மதிப்புள்ளதாக்கும் வினைத்திறனே கையாள்பவருக்குத் தீங்கு செய்கிறது.

வளையப் புரோமோ அமிலங்களில் சிக்கல் வேறு விதம். பென்சாயிக் அமிலத்தை நேரடியாகப் புரோமினேற்றம் செய்தால், கார்பாக்சில் தொகுதி எதிர்மின்னணுக்களை இழுப்பதால் புரோமின் மெட்டா இடத்துக்கே போகும். பாரா அமிலம் வேண்டுமானால் பாரா புரோமோ டொலுயீனை எடுத்து அதன் மெத்தில் தொகுதியைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். ஒரே வாய்பாடு கொண்ட மூன்று அமிலங்களில் பாரா 250 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆர்த்தோ 150 அளவிலும் மெட்டா 155 அளவிலும் உருகும். பின்னிரண்டையும் உருகுநிலையை மட்டும் வைத்துப் பிரிக்க முயல்பவர் ஏமாறுவார்.

ஆய்வகப் பயிற்சிக்கு மூன்றாம் குடும்பத்தைப் போல் ஏற்றது வேறில்லை. சின்னமிக் அமிலம் தமிழகக் கல்லூரி வேதியியல் மாணவருக்கு அறிமுகமான பொருள். இளநிலைப் பட்டப் படிப்பின் கரிமப் பகுப்பாய்வில் ஆசிரியர் தரும் பெயர் தெரியாத பொருள்களில் இதுவும் அடிக்கடி வரும். சோதனைக் குழாயில் புரோமின் நீரைச் சொட்டியதும் நிறம் மறைகிறது; நிறைவுறாச் சேர்மம் என்று மாணவர் எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறார். நிறம் மறைந்த அந்தக் கணத்தில் குழாய்க்குள் புரோமின் ஏறிய பொருள் பிறந்துவிட்டது. அதைப் பிரித்தெடுத்துப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை. எண்ணெய் ஆலைகளின் ஆய்வகத்தில் நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் அயோடின் எண் காண்பதும் இரட்டைப் பிணைப்பு உப்பீனியை ஏற்கும் இதே அடிப்படையில்தான். தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் புரோமினை ஏற்றிக் குளிர்பானத்தில் சுவையெண்ணெய் மிதந்து பிரியாமலிருக்கச் சேர்த்த காலமும் உண்டு. இந்தியா அதை 1990இல் தடைசெய்தது. அமெரிக்கா 2024இல்தான் அனுமதியைத் திரும்பப் பெற்றது.

பயிற்சி அளவு எளியது. 1.48 கிராம் சின்னமிக் அமிலம் 10 மில்லிமோல், அதற்கு 1.60 கிராம் புரோமின் வேண்டும், அதாவது அரை மில்லிலிட்டர். அமிலத்தை டைகுளோரோமீத்தேனிலோ உறை அசிட்டிக் அமிலத்திலோ கரைத்து, புரோமினையும் அதே கரைப்பானில் நீர்க்கச் செய்து, புகைக்கூண்டுக்குள் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். முதற்சொட்டுகளின் நிறம் உடனே மறையும். போகப் போக மறைய நேரமாகும். கடைசியில் இளமஞ்சள் நிறம் தங்கிவிட்டால் வினை முடிந்தது. மிகுந்த புரோமினை ஓரிரு சொட்டுச் சைக்ளோஹெக்சீன் அழித்துவிடும். குடுவையைப் பனிக்கட்டியில் வைத்தால் வெண்படிகங்கள் இறங்கும். வடிகட்டிக் குளிர்ந்த கரைப்பானால் கழுவி, ஆல்கஹாலும் நீரும் கலந்த கலவையில் மறுபடிகமாக்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு. இந்த அமிலத்தை நீரோடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் புரோமினும் கார்பன் டை ஆக்சைடும் கழன்று பொருள் சிதையும். தூய்மையாக்கப் போய்ப் பொருளைக் கெடுத்துவிடாமல், சூடாக்கிய உடனே குளிர வைக்க வேண்டும். கோட்பாட்டின்படி கிடைக்க வேண்டியது 3.08 கிராம், கையில் 2.5 கிராம் கிடைத்தால் விளைச்சல் 81 சதவீதம்.

இந்த வினையின் அழகு, சேர்த்த எதுவும் வீணாகாமல் எல்லா அணுக்களும் விளைபொருளில் போய்ச் சேர்வது. கேடு முழுவதும் புரோமின் திரவத்தில்தான் இருக்கிறது. அதைக் கையால் தொடாமலே வினையை நடத்தும் வழிகள் தேடப்பட்டதில் வியப்பில்லை. பிரிடினியம் டிரைபுரோமைடு என்ற திண்மத்தைத் தராசில் எடை போட்டுச் சேர்க்கலாம். ஹைட்ரோபுரோமிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து, குடுவைக்குள்ளேயே புரோமினைப் பிறப்பிக்கலாம். பினால், அனிலின் அளவீட்டில் கல்லூரி மாணவர் பயன்படுத்தும் புரோமேட்–புரோமைடு கலவையும் இதற்கு உதவும்: ஒரு பங்கு புரோமேட்டுக்கு ஐந்து பங்கு புரோமைடு, அமிலம் சேர்ந்தால் மூன்று பங்கு புரோமின். மேற்சொன்ன 10 மில்லிமோலுக்கு 0.56 கிராம் பொட்டாசியம் புரோமேட்டும் 1.98 கிராம் பொட்டாசியம் புரோமைடும் போதும். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இந்த எண்ணத்தை ஒரு படி மேலே கொண்டுபோனது. புரோமினைக் காரத்தில் உறிஞ்சும் தொழில்முறையில் இடையில் கிடைக்கும் புரோமைடு–புரோமேட் கலவையையே, புரோமினாக மாற்றி மீண்டும் அடைக்காமல், நேரடியாக வினைப்பொருளாக விற்கலாம் என்று அது காட்டியது. விகிதத்தை இரண்டுக்கு ஒன்று என்று மாற்றினால் புரோமினுக்குப் பதில் ஹைப்போபுரோமஸ் அமிலம் பிறக்கும். வளையத்தில் பதிலீடு செய்ய அது ஏற்றது, புரோமின் ஒரு அணுவும் வீணாகாது. இந்திய உப்பளத்தின் தேவையிலிருந்து பிறந்த வேதியியல் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. புரோமேட்டும் முழுதும் தீங்கற்றதன்று. ரொட்டி மாவில் அதைச் சேர்ப்பதை இந்தியா 2016இல் தடைசெய்தது.

வினை எப்படி நடக்கிறது என்பதை 1937இல் ராபர்ட்சும் கிம்பாலும் விளக்கினர். புரோமின் இரட்டைப் பிணைப்பின் மேல் ஒரு பக்கமாக வந்து, இரு கார்பன்களோடும் சேர்ந்து மூன்று முனை வளையமாக நிற்கிறது. அதுவே புரோமோனியம் அயனி. அந்தப் பக்கம் அடைபட்டுவிட்டதால் இரண்டாம் புரோமைடு எதிர்ப்பக்கமாக மட்டுமே தாக்க முடியும். விளைபொருளில் இரண்டு கைரல் கார்பன்கள் இருப்பதால் நான்கு புறவெளி மாற்றியங்கள் சாத்தியம். அவை எரித்ரோ, த்ரியோ என்ற இரண்டு ஆடிப்பிம்ப இணைகளாக அமையும். எதிர்ப்பக்கச் சேர்க்கை நடந்தால் டிரான்ஸ் சின்னமிக் அமிலம் எரித்ரோ இணையை மட்டும் தர வேண்டும். சிஸ் அமிலம் த்ரியோ இணையைத் தர வேண்டும். எரித்ரோ 203 டிகிரி அளவில் சிதைந்தபடி உருகும்; த்ரியோ 95 அளவிலேயே உருகிவிடும். நூறு டிகிரிக்கு மேற்பட்ட இந்த இடைவெளியால், உருகுநிலைக் கருவியும் கண்ணாடி நுண்குழாயும் மட்டுமே உள்ள ஆய்வகம்கூட அணுக்கள் எந்தப் பக்கமாகத் தாக்கின என்ற கேள்விக்கு விடை சொல்லிவிடும். வேதிவினையின் முப்பரிமாண நடத்தையை இவ்வளவு மலிவாகக் காட்டும் சோதனைகள் மிகச் சிலவே.

ஆனால் உருகுநிலை ஒன்றே போதாது. ஒரு மாணவர் 132 டிகிரியில் உருகும் வெண்படிகத்தைப் பெற்றதாக வைத்துக்கொள்ளலாம். சின்னமிக் அமிலமே 133இல் உருகும். வினை நடக்கவில்லையோ என்ற ஐயம் எழும். ஆனால் டைபுரோமோ அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் புரோமைடு கழன்றால் கிடைக்கும் ஆல்ஃபா புரோமோ சின்னமிக் அமிலமும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில்தான் உருகும். இரண்டையும் பிரிக்க மிகப் பழைய வழிகளே போதும். செம்புக் கம்பியைச் சூடாக்கிப் பொருளைத் தொட்டு மீண்டும் சுடரில் காட்டினால், உப்பீனி இருப்பின் பச்சைச் சுடர் தோன்றும்; இது பெயில்ஸ்டைன் சோதனை. சோடியத்தோடு உருக்கிய கரைசலில் வெள்ளி நைட்ரேட் சேர்த்தால் வெளிர் மஞ்சள் வீழ்படிவு விழும். அது அம்மோனியாவில் அரிதாகவே கரையும். லாசிகன் சோதனை என்று மாணவர் மனப்பாடம் செய்வது இதைத்தான். பிறகு தூய சின்னமிக் அமிலத்தோடு கலந்து உருக்கிப் பார்த்தால், இரண்டும் ஒன்றாயிருந்தால் உருகுநிலை மாறாது; வேறாயிருந்தால் சரிந்து பரவும்.

அடுத்தது நடுநிலையாக்கல் எடை. ஒரு கார்பாக்சில் தொகுதி மட்டுமே இருப்பதால், 0.308 கிராம் டைபுரோமோ அமிலத்துக்கு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு சரியாக 10 மில்லிலிட்டர் செலவாக வேண்டும். சின்னமிக் அமிலமாயிருந்தால் 0.148 கிராமே அந்த அளவைக் குடித்துவிடும். ஆல்ஃபா புரோமோ சின்னமிக் அமிலமாயிருந்தால் 0.227 கிராம். ஒரு பியூரெட்டும் ஒரு தராசும் மூன்று பொருள்களைப் பிரித்துக் காட்டுகின்றன. கரைசலைக் குளிரவைத்து விரைந்து தரம் பார்க்க வேண்டும். காரமும் சூடும் சேர்ந்தால் மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடையும் ஒரு புரோமினையும் உதறிவிட்டுப் பீட்டா புரோமோ ஸ்டைரீனாகிவிடும். ஹயசின்த் மலரின் மணம் வீசும் அப்பொருள் சோப்புக்கு வாசனை ஊட்டப் பயன்பட்டது. தரம் பார்க்கும் குடுவையில் பூமணம் எழுந்தால் அளவீடு தவறிவிட்டது என்று அறியலாம்.

மொத்தப் புரோமினை அறிய, பொருளை ஆக்சிஜன் நிறைந்த குடுவைக்குள் எரித்துப் புரோமைடாக மாற்றி அளப்பது 1955இல் ஷோனிகர் தந்த முறை. டைபுரோமோ அமிலத்தில் 51.9 சதவீதமும் ஆல்ஃபா புரோமோ சின்னமிக் அமிலத்தில் 35.2 சதவீதமும் புரோமின் இருக்க வேண்டும். புரோமைடை வெள்ளி நைட்ரேட்டும் தயோசயனேட்டும் கொண்டு அளக்கும் தரம்பார்ப்பை 1874இல் வகுத்தவர் வோல்ஹார்டு, எச்.வி.இசட். வினையின் நடுவெழுத்துக்குரிய அதே வோல்ஹார்டு. புரோமோ அமிலத்தை ஆக்கவும் அளக்கவும் ஒருவரே வழி செய்திருக்கிறார். குளோரைடுக்கு இம்முறையில் வீழ்படிவை வடிகட்டி நீக்க வேண்டும். வெள்ளி புரோமைடின் கரைதிறன் மிகக் குறைவு என்பதால் புரோமைடுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கருவிகள் இந்தக் கதையை வேறு மொழியில் சொல்கின்றன. அகச்சிவப்பு நிறமாலையில் சின்னமிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பு 1630 அலை எண்ணருகே காட்டும் பட்டை விளைபொருளில் காணாமல் போக வேண்டும். இரட்டைப் பிணைப்போடு இணைந்திருந்த கார்போனைல் 1685 அளவில் நின்றது. இணைப்பு அறுந்ததும் 1715 அளவுக்கு ஏறும். 2500 முதல் 3300 வரை பரந்து கிடக்கும் அமில ஓ–எச் பட்டை இரண்டிலும் மாறாது. என்.எம்.ஆர். நிறமாலையில் சின்னமிக் அமிலத்தின் இரு வினைல் ஹைட்ரஜன்களும் 6.4, 7.8 பிபிஎம் அளவுகளில் 16 ஹெர்ட்ஸ் இடைவெளியோடு இரட்டைக் கோடுகளாகத் தெரியும். புரோமின் ஏறியதும் அவை மறைந்து, 4.9, 5.3 அருகே 11 முதல் 12 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள புதிய இரட்டைகள் தோன்றும். த்ரியோ மாற்றியத்தின் இடைவெளியும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கும் என்பதால், மாற்றியத்தைத் தீர்மானிக்க இந்த எண் ஒன்றை நம்பலாகாது. கோடி ரூபாய்க் கருவி தயங்கும் இடத்தில் உருகுநிலைக் குழாய் தெளிவாகப் பேசுகிறது.

நிறை நிறமாலையில் புரோமின் தன் கையொப்பத்தை இட்டுவிடும். இயற்கைப் புரோமின் ஏறத்தாழச் சம அளவில் 79, 81 என்ற இரு ஐசோடோப்புகளின் கலவை: முன்னது 50.7, பின்னது 49.3 சதவீதம். ஆகவே ஒரு புரோமின் உள்ள மூலக்கூறு இரண்டு நிறை அலகு தள்ளிச் சம உயரமுள்ள இரு கோடுகளைத் தரும். இரண்டு புரோமின் இருந்தால் மூன்று கோடுகள், ஒன்று–இரண்டு–ஒன்று என்ற உயரத்தில். டைபுரோமோ அமிலத்துக்கு 306, 308, 310 என வரும். ஒரு புரோமின் உதிர்ந்த துண்டு 227, 229 என இரட்டையாக வரும். குளோரினோ அயோடினோ இந்த வடிவத்தைத் தராது.

இத்தகைய கருவிகள் எல்லாக் கல்லூரியிலும் எல்லா ஆலையிலும் இருப்பதில்லை. பொன்னேரியிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ புறநகர் ரயிலில் சென்னைக்கு மாதிரி அனுப்பி, சென்னை ஐ.ஐ.டி.யின் உயர்நுட்பப் பகுப்பாய்வுக் கருவி மையம் போன்ற இடங்களில் கட்டணம் செலுத்தி நிறமாலை பெறும் வழி இருக்கிறது. ஆனால் மாதிரியை அனுப்பும் முன்னமே உருகுநிலை, சுடர்ச் சோதனை, நடுநிலையாக்கல் எடை மூன்றையும் பார்த்துவிட்டவருக்குத்தான் வந்து சேரும் நிறமாலை முழுப்பயன் தரும். இந்தப் பழைய சோதனைகளைப் பாடத்திட்டத்திலிருந்து குறைப்பது தவறான சிக்கனம்.

ஆடிப்பிம்ப இணையில் கையில் இருப்பது இடக்கை வடிவமா வலக்கை வடிவமா என்ற கடைசிக் கேள்விக்கு எக்ஸ் கதிர்ப் படிகவியலே முடிவான விடை. 35 எதிர்மின்னணுக்கள் கொண்ட புரோமின், கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த படிகத்தில் தனித்துத் தெரியும் கனத்த அணு. எக்ஸ் கதிர்களை அது சிதறடிக்கும் முறையில் சிறு பிறழ்வும் உண்டு. அந்தப் பிறழ்வைக் கொண்டு மூலக்கூறின் உண்மையான கைப்பக்கத்தைக் காணலாம் என்று 1951இல் நெதர்லாந்தின் பைஃபூட் காட்டினார். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை 1952 முதல் நடத்திய ஜி.என். ராமச்சந்திரன், எஸ். ராமனோடு சேர்ந்து 1956இல் அதே பிறழ்சிதறலைப் படிகம் சிதறடிக்கும் கதிர்களின் அலைக்கட்டங்களைக் கண்டறியும் பொது வழியாக விரித்தார். ராமச்சந்திரன் பெயர் கொல்லாஜனோடும் புரத வரைபடத்தோடும் மட்டும் நினைக்கப்படுகிறது. புரோமின் ஏற்றிய படிகங்களைக் கொண்டு கைப்பக்கம் அறியும் ஒவ்வொரு ஆய்வகமும் அவர் நடந்த பாதையிலும் நடக்கிறது.

பத்து மில்லிமோலில் நடந்ததை ஆலையின் கண்ணாடிப் பூச்சு ரியாக்டரில் ஒரு கிலோமோலில் நடத்தினால் நிலைமை வேறு. 148 கிலோ சின்னமிக் அமிலம், 160 கிலோ புரோமின். இரட்டைப் பிணைப்பு புரோமினை ஏற்கும்போது மோலுக்கு 100 கிலோஜூல் அளவில் வெப்பம் வெளிப்படும். குடுவையில் அது ஒரே கிலோஜூல். பனிக்கட்டித் தட்டு தாங்கிக்கொள்ளும். ரியாக்டரில் அது ஒரு டன் தண்ணீரை இருபது டிகிரிக்கு மேல் சூடேற்றப் போதுமான வெப்பம். கொள்ளளவு பெருகும் வேகத்தில் குளிர்விக்கும் பரப்பு பெருகுவதில்லை. ஆகவே புரோமினைச் சேர்க்கும் வேகமே பாதுகாப்பின் உயிர்நாடி: குளிர்ப்பு நீர் நின்றால் சேர்ப்பும் தானே நிற்க வேண்டும், வெளியேறும் ஆவி காரக் கரைசல் ஓடும் ஸ்க்ரப்பர் வழியாகவே போக வேண்டும். வேலையிடக் காற்றில் புரோமினுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்கு மட்டுமே. சிந்திய புரோமினைச் சோடியம் பைசல்பைட்டோ தயோசல்பேட்டோ அடக்கும். அமிலம் கலந்த இடத்தில் தயோசல்பேட் கந்தகத்தை உதிர்க்கும் என்பதால் பைசல்பைட் மேல். தோலில் பட்டால் முதலில் ஏராளமான தண்ணீர், பிறகுதான் மற்றவை.

அடக்கப்பட்ட புரோமின் எங்கும் போய்விடுவதில்லை. புரோமைடு உப்பாகக் கழிவுநீரில் நிற்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு அதைத் தொடாது. ஆவியாக்கி உப்பாக எடுத்துத்தான் தீர வேண்டும். புரோமின் கலந்த கரிமக் கழிவை எரிப்பதானால் இரண்டாம் அறையில் சுமார் 1100 டிகிரி வெப்பமும் குறைந்தது இரண்டு விநாடித் தங்கலும் வேண்டும். குறைந்த வெப்பத்தில் நச்சு டையாக்சின்கள் உருவாகும். அபாயகரமான திடக்கழிவை மண்ணில் பாதுகாப்பாக அடக்கும் பொது வசதி கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது. இவ்வளவு கவனம் ஏன் என்பதற்கு இவ்வட்டாரத்தின் நிலப்படமே பதில். பூண்டி, சோழவரம், புழல் ஏரிகள் திருவள்ளூர் மண்ணின் நீரைத்தான் சென்னைக்கு அனுப்புகின்றன. 2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே, இன்னொரு சிப்காட் வளாகத்தின் அருகே இருக்கிறது. ஆரணியாற்று நீர் பழவேற்காட்டு ஏரியில் சேர்கிறது.

புரோமைடு இவ்வட்டாரத்துக்கு ஆலை வழியாக மட்டும் வருவதில்லை. சென்னைக்காக மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால் 1960களின் இறுதியிலேயே கடல்நீர் உள்ளே ஏறத் தொடங்கியது. நூறு குடம் நன்னீரில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே லிட்டருக்கு 0.65 மில்லிகிராம் புரோமைடு சேரும். காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலையின் சவ்வுகளும் புரோமைடின் பெரும்பகுதியைத் தடுக்குமே தவிர முழுவதையும் தடுக்காது. நீரில் கிருமி கொல்லக் குளோரின் சேர்த்ததும், பலாரின் குடுவையில் நடந்ததே நடக்கிறது: குளோரின் புரோமைடை விரட்டி ஹைப்போபுரோமஸ் அமிலமாக்குகிறது. அது இலைதழை மக்கிய கரிமப் பொருளோடு வினைபுரிந்து மோனோபுரோமோ, டைபுரோமோ அசிட்டிக் அமிலங்களை உண்டாக்குகிறது. யாரும் செய்ய நினைக்காத புரோமோ அமிலங்கள் இவை. டைபுரோமோ அசிட்டிக் அமிலத்தைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற 2பி வகையில் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் மூன்று குளோரோ, இரண்டு புரோமோ அசிட்டிக் அமிலங்களின் மொத்தத்துக்கு லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று வரம்பு உண்டு. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, இவற்றோடு கூடவே உருவாகும் புரோமோஃபார்முக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது.

மைக்ரோகிராம் அளவை அறிய, நீரை அமிலமாக்கி ஈதர் வகைக் கரைப்பானால் சாறிறக்கி, அமிலங்களை மெத்தில் எஸ்டர்களாக மாற்றி, எதிர்மின்னணுவைக் கவரும் உப்பீனிச் சேர்மங்களை நுட்பமாக உணரும் கண்டுணர்வியுள்ள வாயு வண்ணப்படிவுக் கருவியில் செலுத்துகிறார்கள். கருவி காட்டும் மேட்டின் உயரம் எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்ல, எடை தெரிந்த தூய டைபுரோமோ அசிட்டிக் அமிலம் ஒரு குப்பியில் ஒப்பீட்டுக்கு வேண்டும். அந்தக் குப்பியில் இருப்பது டைபுரோமோ அசிட்டிக் அமிலமே என்பதற்கு உருகுநிலை, நடுநிலையாக்கல் எடை, மூன்று கோடு காட்டும் நிறை நிறமாலை ஆகியவையே சான்று.